உடுத்த உடுப்பு

தமிழில் 'வாங்குதல்' என்ற ஒரே வினை இரண்டு வேலை பார்க்கிறது. கடையில் காசு கொடுத்துப் பெறுவதும் வாங்குவதுதான். இன்னொருவர் இரங்கித் தருவதைக் கைநீட்டிப் பெறுவதும் வாங்குவதுதான். பொதுவாக இதனால் குழப்பம் எதுவும் நேர்வதில்லை. அரிசி வாங்கினான் என்றால் கடையில் வாங்கினான் என்றே கொள்கிறோம். ஆனால் ஒரு பெண்ணைப் பற்றி, "அவள் பழைய உடுப்பு வாங்கினாள்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் மனத்தில் உடனே எழுவது இரண்டாவது பொருள்தான். அவள் விலை கேட்டிருப்பாள், பேரம் பேசியிருப்பாள், பிடிக்காததைத் திருப்பி வைத்திருப்பாள் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ஒருவர் உடுத்துக் கழித்த உடுப்பை இன்னொருவர் விலைக்கு வாங்கி உடுப்பது இழிவா என்ற கேள்வியை நான் இந்த இடத்திலிருந்தே தொடங்க விரும்புகிறேன். இழிவு என்று நாம் உணர்வது உடுப்பில் இருக்கிறதா, அது கைமாறிய விதத்தில் இருக்கிறதா?

உடுப்பில் இல்லை என்பதற்கு நம் வீடுகளே சாட்சி. இராத்தாவின் கவுண் தங்கச்சிக்கு வருகிறது. மூத்தவனின் பள்ளிக்கூடக் களிசான் மடிப்புப் பிரிக்கப்பட்டும் மடிக்கப்பட்டும் மூன்று பேரைக் காண்கிறது. உம்மாவின் சேலை கிழிந்தால் அதிலிருந்து பாவாடை வெட்டுகிறோம். பாவாடைக்கும் தேறாவிட்டால் ஏணை கட்டுகிறோம். இவற்றில் எதையும் யாரும் 'பழைய உடுப்பு' என்று அழைப்பதில்லை. அதே கவுண் வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போனால் மட்டும் பெயர் மாறிவிடுகிறது. துணி ஒன்றுதான். நூலும் சாயமும் ஒன்றுதான்.

பொருள் ஒன்றாக இருக்க, அது கைமாறும் விதத்தால் அதன் தன்மை மாறும் என்பதற்கு மார்க்கத்தில் தெளிவான முன்னுதாரணம் உண்டு. ஆயிஷா (ரழி) அவர்களால் உரிமை விடப்பட்ட பரீரா (ரழி) அவர்களுக்கு யாரோ இறைச்சியைத் தர்மமாகக் கொடுத்திருந்தார்கள். பானையில் இறைச்சி வெந்துகொண்டிருக்க, நபி (ஸல்) அவர்கள் முன் ரொட்டியும் வீட்டிலிருந்த வேறு தொடுகறியும் வைக்கப்பட்டன. இறைச்சியைப் பற்றி அவர்கள் கேட்டபோது, அது பரீராவுக்கு வந்த ஸதகா, தாங்கள் ஸதகாவை உண்பதில்லையே என்று காரணம் சொன்னார்கள். அது அவருக்குத்தான் ஸதகா, அவரிடமிருந்து நமக்கு வரும்போது அன்பளிப்பு என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) விடையளித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. ஃபிக்ஹு நூல்கள் இதிலிருந்து எத்தனையோ சட்டங்களைப் பெறுகின்றன. எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது பரீராவின் நிலைதான். ஒரு கணத்துக்கு முன் வாங்கியவர், மறுகணம் கொடுப்பவர். இறைச்சி மாறவில்லை, அவர் நின்ற இடம் மாறியது.

உடுப்பையும் அப்படியே பார்க்கலாம். இரக்கத்தால் தரப்படும் சேர்ட் ஒருவனைக் கீழே நிறுத்துகிறது. அதே சேர்ட்டுக்கு அவன் ஐம்பது ரூபா கொடுத்தால் எதிரே நிற்பவனுக்குச் சமமாகிவிடுகிறான்.

இது ஏட்டு வாதமாகப் படலாம். நம் சமூகம் இதை உடம்பால் அறிந்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம்மவர்கள் உடுத்த உடுப்போடு புத்தளம் வந்து சேர்ந்தார்கள். அப்போது தேவை எல்லாக் கேள்விகளையும் முந்திக்கொண்டது. மாற்றிக்கட்ட ஒரு சாரன் இல்லாதவனிடம் கைமாறும் விதம் பற்றிப் பேசுவது கொடுமை.

2004 டிசம்பர் 26க்குப் பின் கிழக்குக் கரையில் நாங்கள் கண்டது வேறு. முதல் நாட்களில் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த உடுப்புகள், கொடுத்தவர்கள் தம் அலுமாரியிலிருந்து எடுத்தவை. அவற்றை உடுத்து மையித்துகளை அடக்கினோம். பிறகு லொறிகள் வந்தன. மூட்டைகள் முகாம் முற்றங்களில் அவிழ்த்துக் கொட்டப்பட்டன. கம்பளிச் சட்டைகள், கறைபட்ட உள்ளாடைகள், ஒற்றைச் சப்பாத்துகள், நம் பெண்கள் ஒருபோதும் உடுக்க முடியாத சிறு கவுண்கள். மார்கழி மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த குவியல்களை ஆடுகள் மிதித்துப் போயின. நேற்றுவரை தன் வீட்டில் நாலு பேருக்குச் சோறு போட்ட ஒரு பெண், பார்ப்போர் நடுவே குனிந்து அந்தக் குவியலைக் கிளறவேண்டியிருந்தது. சிலர் கிளற மறுத்து ஈர உடுப்போடேயே இருந்தார்கள்.

தனக்குத் தரப்பட்டால் முகம் சுளித்தே ஏற்கக்கூடிய மட்டமான பொருளைத் தேடியெடுத்துத் தர்மமாகக் கொடுப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் விலக்குகிறது. அந்தக் குவியல்களின் முன் நின்றபோது இந்த வசனத்துக்கு வேறு விரிவுரை எனக்குத் தேவைப்படவில்லை.

அந்த நாட்களில் இன்னொரு முணுமுணுப்பும் எழுந்தது. 'கொடுத்த உடுப்பை விற்கிறார்கள்' என்பதே அது. கொடுத்தவர்கள் கோபப்பட்டார்கள். இங்கே உமர் (ரழி) அவர்களின் குதிரையை நினைக்கிறேன். அல்லாஹ்வின் பாதையில் அவர்கள் ஒருவருக்கு ஒரு குதிரையைக் கொடுத்தார்கள். பெற்றவர் அதைச் சரியாகப் பராமரிக்கவில்லை. மலிவாகக் கிடைக்கும் என எண்ணி அதைத் திரும்ப வாங்க உமர் (ரழி) விரும்பியபோது, ஒரு திர்ஹத்துக்குத் தந்தாலும் வாங்கவேண்டாம் என நபி (ஸல்) தடுத்தார்கள். உலமாக்கள் கூறும் காரணங்களில் ஒன்று நுட்பமானது. விற்பவர், முன்பு தனக்குக் கொடுத்தவர் என்ற தாட்சண்யத்தில் விலையைக் குறைத்துவிடுவார். அவ்வளவுக்குக் கொடுத்தவர் தன் தர்மத்தை மீட்டுக்கொண்டவராகிறார். பழைய கொடையின் நிழல் புதிய பேரத்தின் மேல் விழக்கூடாது என்ற கவனம் இது. அந்த அறிவிப்பில் விற்க முனைந்தவரைக் கண்டிக்கும் சொல் எதுவும் இல்லை என்பதையும் கவனிக்கவேண்டும். கொடுத்த பின் குதிரை அவருடையது. முகாமில் உடுப்பை விற்று மீன் வாங்கியவள் யாருக்கும் துரோகம் செய்யவில்லை.

இனி 2023க்கு வருகிறேன். முந்திய ஆண்டு ஏப்ரலில் நாடு கடனைக் கட்டமுடியாது என அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. நோன்பு நெருங்கியபோது, ஒரு பிள்ளையின் பெருநாள் உடுப்பு ஒரு கூலியாளின் பல நாள் உழைப்பை விழுங்குவதாயிற்று. எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பாவித்த நல்ல உடுப்புகளைச் சேர்த்து ஏழைகளுக்குப் பகிர்வோம் என்று பேச்சு வந்தது. பகிரவேண்டாம், விற்போம் என்று நான் சொன்னேன். பெரியவர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை.

"என்ன தம்பி, ஏழைக்கிட்டயா காசு கேக்கச் சொல்றீங்க?"

அவருடைய கேள்வி அற்பமானதல்ல. பெறுமதியற்றுக் கிடந்த பொருளுக்கு இல்லாதவனிடம் விலை கேட்பது மனத்தை உறுத்தத்தான் செய்யும். ஐம்பது ரூபாவும் இல்லாதவர் என்ன செய்வார் என்றும் கேட்டார். அவர்களுக்கு ஸதகாப் பணத்திலிருந்து இரகசியமாகக் காசைக் கொடுப்போம், அவர்களும் மற்றவர்களைப் போல வந்து வாங்கட்டும் என்று முடிவாயிற்று. உடுப்பைத் தந்தவர்களிடம் இது விற்கப்படும் என்று முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறவேண்டும் என மௌலவி வற்புறுத்தினார். அமானிதம் சம்பந்தப்பட்ட விடயம் அல்லவா. அப்படிச் சொன்னதில் எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. விற்கப்போகிறார்கள் என்று அறிந்ததும் கிழிசலைக் கொண்டுவருவது நின்றுவிட்டது. தர்மத்துக்குக் கொடுக்கக் கூசாத கை, விற்பனைக்குக் கொடுக்கக் கூசுகிறது! இதை என்னால் இன்றுவரை முழுமையாக விளங்கிக்கொள்ள முடியவில்லை.

50 ரூபாவிலிருந்து 200 ரூபாவரை விலை. துவைத்து, ஸ்திரி போட்டு, அளவு வாரியாக மேசைகளில் அடுக்கியிருந்தோம். பெண்கள் பகுதியைப் பெண்களே நடத்தினார்கள். அங்கிருந்து வாசல்வரை கேட்ட ஒரு குரல் என் நினைவில் நிற்கிறது. "இதுல பட்டன் ஒண்டு இல்லியே. அம்பதுக்கு வராது, முப்பதுக்குத் தாங்க." அந்தக் குரலில் இருந்தது சந்தையின் சாதாரணக் கண்டிப்பு. இலவசமாகக் கிடைத்த உடுப்பைப் பற்றி யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். பட்டன் இல்லாவிட்டாலும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லவேண்டியிருக்கும், அதுவும் கொடுத்தவரின் முகத்தைப் பார்த்து. குறை சொல்லும் உரிமையைத்தான் அந்த முப்பது ரூபா அவளுக்கு வாங்கித் தந்தது. ஆட்சேபித்த பெரியவர் மூன்றாம் நாள் தன் பேரனுக்கு ஒரு சேர்ட் எடுத்துப் போனார். அதற்குப் பிறகுதான் ஓரளவு வசதியுள்ளவர்களும் வந்தார்கள். யார் ஏழை, யார் சிக்கனக்காரர் என்று மேசையின் முன் பிரித்தறிய முடியாமற் போனது.

சுத்தம் பற்றிச் சிலர் கேட்டார்கள். யார் உடுத்ததோ, என்ன பட்டதோ என்று. நஜீஸ் என உறுதியாகாதவரை பொருட்கள் சுத்தமானவையே என்பது நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் அடிப்படை. நபி (ஸல்) அவர்கள் முஸ்லிமல்லாதோரின் நாடாயிருந்த ஷாமில் செய்த ஜுப்பாவை அணிந்திருக்கிறார்கள். துவைத்தால் போதும். இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை.

இறந்தவரின் உடுப்பு என்ற அச்சம் இதைவிட ஆழமானது. ஆபிரிக்காவின் கானாவில், மேற்கு நாடுகளிலிருந்து பொதிபொதியாக வந்திறங்கும் பழைய உடுப்புகளை 'ஒப்ரோனி வாவு', அதாவது இறந்துபோன வெள்ளையரின் உடுப்பு என்றே மக்கள் அழைத்தார்கள். உயிரோடிருப்பவர் இவ்வளவு நல்ல துணியைக் கழிப்பாரா என்ற வியப்பு அந்தப் பெயரில் இருக்கிறது. நம்மிடையே மையித்தின் உடுப்புகளை வீட்டார் அவசர அவசரமாக யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். அவையும் வாரிசுகளின் சொத்து, அநாதைப் பிள்ளைக்கும் அதில் பங்குண்டு என்பதை அந்த அவசரத்தில் யார் யோசிக்கிறார்கள்? இந்த அச்சத்துக்கு நேரெதிரே நிற்பவர் அபூபக்கர் (ரழி). மரணப் படுக்கையில், தாம் உடுத்திருந்த பழைய ஆடையைக் கழுவி அதையும் கபனில் சேர்க்கும்படி சொன்னார்கள். அது நைந்ததாயிற்றே என்று மகளார் ஆயிஷா (ரழி) தயங்கியபோது, புதியதில் இறந்தவரைவிட உயிரோடிருப்பவருக்கே உரிமை அதிகம் என்பது அவர்களின் பதில்.

பெருநாளைக்குப் புதிதுதான் உடுக்கவேண்டும் என்ற நம் பிடிவாதத்தையும் இங்கே சொல்லவேண்டும். இருப்பதில் நல்லதை அணிவதே ஸுன்னத். நல்லது என்பதைப் புதியது என்று மொழிபெயர்த்தவர்கள் நாமும் நம் புடைவைக் கடைகளும். ஆயினும் பிள்ளைகளிடம் இந்தச் சட்டத்தைப் பேசிப் பயனில்லை. தோழியின் புதுக் கவுணின் சரசரப்புக்கு முன் எந்த ஹதீஸும் எட்டு வயதுக்காரியைத் தேற்றாது. மற்ற உடுப்புகளைப் பழையதாக வாங்கி, மிச்சம்பிடித்த காசில் பெருநாளைக்கு மட்டும் ஒன்றைப் புதிதாக வாங்கிய தாய்மார்களை அந்த நோன்பில் கண்டேன். அவர்களின் கணக்கு என் வாதத்தைவிடச் சரியானது.

வசதியுள்ளவர்கள் பழைய உடுப்பை விரும்பி வாங்குவது உலகெங்கும் ஒரு மோஸ்தராகியிருக்கிறது. பூமியின் சுமையைக் குறைக்க அது உதவுமானால் நல்லதுதான். அதை ஸுஹ்து என்று அழைப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அல்லாஹ் தந்த அருளின் அடையாளம் உன்னில் தெரியட்டும் என்ற கருத்தில், செல்வமிருந்தும் மட்டமாக உடுத்து வந்த ஒரு ஸஹாபியிடம் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நல்ல சேர்ட்டை இல்லாதவனுக்கு முன் கைநீட்டி எடுத்துக்கொள்பவன் துறவியாகிவிட மாட்டான்.

எதிர்வாதங்களில் கனமானது நெசவாளியுடையது. எல்லோரும் பழையதை வாங்கினால் தறிக்கு என்ன வேலை? ருவாண்டா 2016இல் பழைய உடுப்புகளின் இறக்குமதித் தீர்வையை உயர்த்தியது இந்தக் கவலையினால்தான். அதற்குப் பதிலாக அமெரிக்கா 2018இல் அந்நாட்டு ஆடைகளுக்கான தீர்வைச் சலுகையை நிறுத்திவைத்தது. நம்மிடமும் மருதமுனை இருக்கிறது. ஆனால் அங்கே தறிகள் ஓயத் தொடங்கியது 1977இல் திறந்த பொருளாதாரம் கொண்டுவந்து கொட்டிய மலிவான புதுத் துணியால். எங்கள் மேசைகளின் மேல் அந்தப் பழியைப் போட முடியாது.

மூன்று வாரங்களில் அந்த மேசைகளுக்கு வந்த உடுப்புகளில் மருதமுனைச் சாரன் ஒன்றுகூட இருக்கவில்லை. தறி வைத்திருக்கும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். நைந்த சாரன் படுக்கை விரிப்பாகும், பிறகு ஏணையாகும், பிறகு அடுப்படியில் சட்டி இறக்கும் துணியாகும், விற்பதற்கு அதில் மிஞ்சாது என்றார். பிறகு இந்தியாவிலிருந்து வரும் நூலின் விலையைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.