ஆற்றங்கரையில் ஏழு இரவுகள்

ஓரிடத்திலே தங்குவதற்கு ஒருவனுக்குள்ள உரிமை எத்தகையது? அவ்விடத்தை உடைமையாய்க் கொள்ளுதல் வேறு. அதிலே குடியிருத்தல் வேறு. அதனைக் கடந்து செல்லுதல் வேறு. தங்குதல் இம்மூன்றனுள் எதிலும் முற்றாக அடங்காது. உடைமை பற்றியும் குடியுரிமை பற்றியும் மெய்யியலாளர் எழுதிக் குவித்துள்ளனர். சில இரவுகள் மட்டும் தங்கிச் செல்பவனின் உரிமையும் கடமையும் அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. இவ்வினாவை வெறுங் கருத்துநிலையில் நின்று ஆராய்வதினும், அது கண்கூடாகத் தோன்றும் ஓரிடத்தை எடுத்துக்கொண்டு நோக்குதல் பயனுடைத்து. அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே, சியரா நெவாடா மலைத்தொடரிலுள்ள யொசெமிற்றித் தேசிய பூங்கா அத்தகையதோர் இடமாகும்.

யொசெமிற்றிப் பள்ளத்தாக்கு ஏறத்தாழ ஏழு மைல் நீளமும் ஒரு மைலளவு அகலமும் உடையது. கடல்மட்டத்திலிருந்து 4,000 அடி உயரத்திலுள்ள அதன் தளத்திலே மேர்செட் ஆறு வளைந்து வளைந்து ஓடுகின்றது. இருமருங்கும் பாறைச் சுவர்கள் செங்குத்தாய் எழுகின்றன. எல் கப்பிற்றான் எனப்படும் பாறை மட்டும் தளத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயர்ந்து நிற்கின்றது. இவ்வாற்றின் அருகே அப்பர் பைன்ஸ், லோவர் பைன்ஸ், நோர்த் பைன்ஸ் என்னும் பெயர்களிலே கூடாரமிட்டுத் தங்கும் வெளிகள் உள்ளன. இலக்கமிடப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் ஒரு மேசை, தீ மூட்டுவதற்கு ஓர் இரும்பு வளையம், கரடிகளுக்கு எட்டாதவாறு உணவைப் பூட்டிவைக்க ஓர் இரும்புப் பெட்டி, வேறெதுவுமில்லை. ஓரிடத்தில் அறுவருக்கு மேல் தங்கலாகாது. மே மாதத் தொடக்கத்திலிருந்து செப்ரெம்பர் நடுப்பகுதி வரை எவரும் பள்ளத்தாக்கில் ஏழு இரவுகளுக்கு மேல் தங்க முடியாது. இடங்கள் மாதக்கணக்கின் முன்னரே கணனி வழியாகப் பதிவு செய்யப்படுகின்றன. பதிவு தொடங்கிச் சில நிமிடங்களுள் கோடைகால இடங்கள் தீர்ந்துவிடுகின்றன.

உரோமப் பேச்சாளர் சிசரோ தம் நூலொன்றிலே ஸ்தொயிக்க மெய்யியலாரின் உவமையொன்றை எடுத்தாள்கின்றார். அரங்கு அனைவர்க்கும் பொது. ஆயினும் அதில் ஒருவன் அமர்ந்திருக்கும் ஆசனத்தை அவனது ஆசனம் என்று கூறுதல் தவறன்று. கூடாரவெளிக்கு இதனிலும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது. இலக்கமிட்ட அவ்விடம் ஏழு இரவுகளுக்கு என்னுடையது; அதன்பின் அது என்னுடையதாய் இருந்ததற்கான அடையாளமே இருத்தலாகாது. ஜோன் லொக்கோ உடைமை பற்றிய தம் வாதத்திலே ஆற்றையே எடுத்துக்காட்டினார். ஒருவன் ஆற்றிலே எவ்வளவு நீர் அருந்தினும், தாகந் தீர்க்க முழு ஆறும் எஞ்சியிருக்கையில், அடுத்தவனுக்கு அதனால் இழப்பில்லை என்பது அவர் கூற்று. நீரைப் பொறுத்தமட்டில் இது சரியெனலாம். கரையைப் பொறுத்தமட்டில் சரியன்று. ஆற்று நீர் வந்துகொண்டே இருக்கின்றது, கரை வருவதில்லை. நீராட இறங்குவோர் ஒரே வழியால் மீண்டும் மீண்டும் இறங்க, கரையோரச் செடிகள் மிதிபட்டு அழிகின்றன. வேர்ப்பிடிப்பு இழந்த மண் அரிக்கப்படுகின்றது. ஆறு அகன்று ஆழங்குறைகின்றது. மேர்செட் ஆற்றின் கரைகளிற் பல பகுதிகளை இன்று வேலியிட்டு மறைத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

இவ்வுண்மையை மிக முன்னரே உணர்ந்தவர் பிரெடெரிக் லோ ஒல்ம்ஸ்ரெட். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி, ஜனாதிபதி லிங்கன் இப்பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் பயன்பாட்டுக்கென்று கலிபோர்ணியா மாநிலத்திடம் ஒப்படைக்கும் சட்டத்திற் கையொப்பமிட்டார். மறு ஆண்டு ஒல்ம்ஸ்ரெட் எழுதிய அறிக்கையில், அப்பொழுது நூற்றுக்கணக்கில் வந்தவர்கள் ஒரு நூற்றாண்டினுள் இலட்சக்கணக்கில் எண்ணப்படுவர் என்றும், ஒருவர் செய்யும் சிறு சேதத்தை அத்தொகையாற் பெருக்கிப் பார்த்தல் வேண்டும் என்றும் குறிப்பிட்டார். 1954இல் ஆண்டுக்குப் பத்து இலட்சத்தைத் தாண்டிய வருகை, 2016இல் ஐம்பது இலட்சத்தைத் தாண்டியது. தனி மனிதனின் செயலை அவனது நோக்கத்தைக் கொண்டே மதிப்பிடும் ஒழுக்கவியல் இவ்விடத்திலே தடுமாறுகின்றது. மேசைமேல் மறந்துவிடப்பட்ட ஒரு துண்டு இறைச்சியில் யாதொரு தீயநோக்கமும் இல்லை. ஆனால் அதன் சுவையறிந்த கரடி கூடாரங்களையும் வாகனங்களையும் நாடத் தொடங்கும்; ஈற்றில் ஆபத்தானதெனக் கருதப்பட்டுக் கொல்லப்படவும் கூடும். 1998ஆம் ஆண்டில் மட்டும் இப்பூங்காவிலே 1,500க்கு மேற்பட்ட கரடிச் சம்பவங்கள் பதிவாகின. உணவை மறந்துவிட்டவன் அதற்குள் வீடு திரும்பியிருப்பான். தன் செயலின் விளைவை அவன் காண்பதேயில்லை. தங்கிச் செல்பவனின் ஒழுக்கப் பிரச்சினை இதுதான்: அவன் தன் செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையே புறப்பட்டுப் போய்விடுகிறான்.

காரெற் ஹார்டின் 1968இல் பொதுநிலம் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் யொசெமிற்றியைப் பெயர் சுட்டியே குறிப்பிடுகின்றார். மக்கட்டொகை பெருகுகின்றது, பள்ளத்தாக்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு, ஆகவே நுழைவுரிமையை ஏலத்தாலோ, தகுதியாலோ, சீட்டுக் குலுக்கலாலோ, முந்தி வந்தோர்க்கு முதலிடம் என்ற முறையாலோ பங்கிடுதல் வேண்டும் என்பது அவர் வாதம். (மக்கட்டொகை பற்றி அவர் கண்ட ஏனைய முடிபுகளை நான் ஏற்பதாக எவரும் கொள்ள வேண்டாம்.) இவற்றுள் ஏலம் செல்வர்க்கே வாய்ப்பளிக்கும் என்பது வெளிப்படை. முந்தி வந்தோர் முறை நீதியானதுபோல் தோன்றும். ஆனால் குறித்த காலை ஏழு மணிக்குக் கணனிமுன் அமர்ந்திருக்க இயலாத தொழிலாளிக்கு அதிலே இடமில்லை. குருட்டுத்தனமான குலுக்கலே இவற்றுள் நேர்மையானது என்பது என் கருத்து.

எனினும் பங்கீடு எவ்வளவு நேர்மையாயினும் அது பாதுகாப்பாகிவிடாது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளை இங்கு ஒப்புநோக்கலாம். ஒரே கிணற்றிற் பங்குள்ளோர் முறைவைத்து இறைப்பர். உறுதியிலே கிணற்றுப் பங்கும் வாய்க்கால் வழியும் சேர்த்து எழுதப்படும். அதுவும் முறைதான், கூடாரவெளியிலும் முறைதான். ஆனால் கிணற்று முறை அதே மனிதனிடம் மீண்டும் மீண்டும் வருகின்றது. இன்று வாய்க்காலை உடைத்துவிட்டவன் அடுத்த முறைக்கு அதே வாய்க்காலுக்கு வரவேண்டும். அயலவன் முகத்திலும் விழிக்க வேண்டும். ஆகவே கிணறு சேறு வாரப்படுகின்றது, கட்டுத் திருத்தப்படுகின்றது. பொதுவளங்களைக் காக்க அரசோ தனியுடைமையோ இன்றியமையாததன்று என 1990இல் எலினோர் ஒஸ்ரோம் நிறுவிய ஆய்விலே எடுத்துக்காட்டப்பட்டோர் பெரும்பாலும் இத்தகைய மக்களே. கூடாரவெளியின் முறையோ மீண்டு வராத முறை. என் பின் வருபவனை நான் அறியேன். அவனும் என்னை அறியான். இவ்விடத்து மக்கள் ஒருவர்க்கொருவர் எழுப்பிக்கொள்ளும் கட்டுப்பாடு இல்லாமையாற்றான் காவலரும் அறிவிப்புப் பலகைகளும் இரும்புப் பெட்டிகளும் வேண்டியிருக்கின்றன. சுவடு எதனையும் விட்டுச் செல்லாதே என்ற அறமும் இங்கே அறிவிப்புப் பலகையாலேயே உணர்த்தப்படுகின்றது.

அவ்வறம் நல்லதே. ஆனால் யொசெமிற்றியின் வரலாறு அதன்மேல் ஒரு கடிய கேள்வியை எழுப்புகின்றது. லிங்கன் கையொப்பமிட்ட நாளுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பு, 1851இல், தங்கவேட்டைக் காலத்தில், மரிப்போசாப் படைப்பிரிவு எனப்படும் குடிப்படை இப்பள்ளத்தாக்கினுள் நுழைந்தது. அங்கு வாழ்ந்த அவானிச்சி மக்களின் குடில்கள் எரிக்கப்பட்டன. அவர்களது பிரதான உணவாகிய கருவாலிக்கொட்டைச் சேமிப்புகளும் எரிக்கப்பட்டன. வந்தவர்கள் பள்ளத்தாக்கின் அழகைக் கண்டு வியந்தனர். பூந்தோட்டம் போன்ற புல்வெளிகளையும் இடையிடையே நின்ற கருவாலி மரங்களையும் இயற்கையின் கைவண்ணம் என்றனர். உண்மையில் அப்புல்வெளிகள் தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் இட்ட தீயினால் பேணப்பட்டவை. தீயிடல் நின்றபின் ஊசியிலை மரங்கள் புல்வெளிகளுள் நெருங்கி வளர்ந்தன. கருவாலிகள் ஒளியிழந்து நலிந்தன. பூங்காவின் முதற் காப்பாளராகிய கேலன் கிளார்க்கே பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் இம்மாற்றத்தைச் சுட்டிக்காட்டினார். அதாவது, சுவடே இல்லாத காடு என்று விருந்தினர் போற்றியது குடிகளின் சுவடு.

தமிழிலே ‘விருந்து’ என்னும் சொல் முதலிற் புதுமையைக் குறித்தது. புதிதாய் வந்தவனே விருந்தினன். குடி என்பது நிலைத்திருப்பது. விருந்தினனின் அறம் தீங்கு செய்யாதிருத்தல். குடியின் அறம் அதனின் மேற்பட்டது: எரிக்க வேண்டியதை எரித்தல், வெட்ட வேண்டியதை வெட்டுதல், அதன் விளைவை இருந்து பார்த்தல், தவறாயின் மறு ஆண்டிலே திருத்துதல். அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம், மனிதன் வந்து தங்காமற் செல்லும் இடமே வனாந்தரம் என வரையறுத்தது. பள்ளத்தாக்கின் தளம் அச்சட்டத்துள் அடங்காதபோதும் அங்கும் அதே மனப்பாங்கே ஆட்சி செய்தது. அங்கு எஞ்சிய பூர்வீகக் குடும்பங்கள் விடுதிகளில் வேலை செய்தும் கூடைகள் பின்னி விற்றும் வாழ்ந்தன. 1920களில் உல்லாசப் பயணிகளுக்காக நடந்த விழாக்களில், தம்முடையதல்லாத சமவெளி இந்தியரின் உடையை அணிந்து அவர்கள் தோன்ற நேர்ந்தது. 1953இல் வகுக்கப்பட்ட விதியின்படி, பூங்காவிலே நிலையான வேலையிலுள்ளோரின் குடும்பங்களே அங்கு தொடர்ந்து இருக்கலாம் என்றாயிற்று. 1969இல் அவர்களது சிற்றூர் அகற்றப்பட்டது. குடிகளாய் இருந்தவர்கள் முதலில் வேலைத் தவணைக்கு உட்பட்ட வாடகையாளராகி, பின்னர் எவரையும் போல் வாயிலில் வந்து நுழையும் பார்வையாளராயினர்.

இம்மானுவேல் கான்ற் 1795இல் நிலையான சமாதானம் பற்றி எழுதியபொழுது, பூமி உருண்டையானதால் மனிதர் ஒருவரையொருவர் சகித்தே ஆகவேண்டும் என்றும், ஆகவே அந்நியனுக்கு வருகை தரும் உரிமை உண்டு என்றும் கூறினார். ஆனால் அவ்வுரிமை வருகையளவில் நிற்பது, குடியேறும் உரிமையன்று. ஐரோப்பியர் அயல்நாடுகளுக்கு ‘வருகை’ தந்தபோது ஆங்கிருந்த மக்களை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை என்றும் அவர் கடிந்தார். யொசெமிற்றியில் நிகழ்ந்தது இன்னொரு வகையானது. இங்கே விருந்தினர் குடியேறவில்லை. குடிகளை அகற்றிவிட்டு அனைவரையும் சமமான விருந்தினராக்கினர். ஏழு இரவு விதி அனைவர்க்கும் ஒன்றே. பெருஞ் செல்வந்தனுக்கும் ஏழு. அவானிச்சிப் பேரனுக்கும் ஏழு. விருந்தினருள் நிலவும் இச்சமத்துவத்தைக் குறைகூற முடியாது. ஆனால் அது நீதியா என்று கேட்பதற்கு முன், இவர்களுள் எவரேனும் விருந்தினர் அல்லாதவரா என்று கேட்டிருக்க வேண்டும்.

இது தொலைதேசத்துக் கதை மட்டுமன்று. 1983இல் மதுறு ஓயாத் தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, அக்காட்டிலே வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு மகாவலிக் குடியேற்றத்தில் இருத்தப்பட்டன. தலைவர் திசாஹாமியும் சிலரும் தம்பானையை விட்டு நீங்க மறுத்தனர்.

குடிகளை மீள இருத்தினால் யாவரும் இருக்க விரும்புவர், ஈற்றில் பள்ளத்தாக்கே நகரமாகிவிடும் எனச் சிலர் ஆட்சேபிக்கக் கூடும். இவ்வாட்சேபம் விரும்புவோர் அனைவரையும் ஒரே தட்டில் வைக்கின்றது; ஓரிடத்தைப் பேணிய நீண்ட உழைப்புக்கும் அதனைக் காணும் விருப்பத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அது காணவில்லை. ஆயினும் இன்றைய நிலையில் வீடுகளை மீளக் கட்டுதல் ஒன்றே வழி என்றும் நான் வாதிடேன். யார் பேணுவது, எப்பொழுது தீயிடுவது, எந்தக் கரையை மூடுவது என்பவற்றைத் தீர்மானிப்பதிலே முதற்குரல் எவருடையது என்பதே முதன்மையான வினா. 1997 ஜனவரிப் பெருவெள்ளத்தில் அப்பர் ரிவர், லோவர் ரிவர் என்னும் இரு கூடாரவெளிகள் அழிந்தபோது, அவற்றை மீள அமைப்பதா, ஆற்றுக்கே விட்டுவிடுவதா என ஆண்டுக்கணக்கில் வழக்கும் வாதமும் நிகழ்ந்தன. தம் இளமையிலே அங்கு தங்கியோரின் ஏக்கமும், ஆற்றின் நலம் நாடியோரின் குரலும் அதிலே உரக்கக் கேட்டன. 2018இல், அகற்றப்பட்ட சிற்றூர் இருந்த வஹோகா என்னும் இடத்திலே மரபுமுறைக் கட்டடங்களை எழுப்பவும் சடங்குகளை நடத்தவும் பூர்வீக மக்களின் மன்றத்துடன் பூங்கா நிர்வாகம் 30 ஆண்டுகளுக்கு உடன்பாடு செய்துகொண்டது. அங்கு எழுவது ஒன்றுகூடுவதற்கும் வழிபாட்டுக்கும் உரிய இடமேயன்றிக் குடியிருப்பு அன்று.