கடைசி டாலர் யாருக்கு?

2017-இல் நியூயார்க் மாநிலம் ‘எக்செல்சியர்’ திட்டத்தைத் தொடங்கியது: அரசுக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் இல்லை. 2019-இல் குடும்ப வருமான வரம்பு 1,25,000 டாலரானது.

சூட்சுமம் வரிசையில் இருக்கிறது. ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் மானியத்தையும் மாநிலத்தின் பழைய உதவியையும் கழித்த பிறகே எக்செல்சியர் மிச்சத்தைக் கட்டும். பரம ஏழை மாணவிக்கு அவற்றிலேயே கட்டணம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அறை வாடகை, சுரங்க ரயில், பாடப்புத்தகம் எதற்கும் இதில் ஒரு சென்ட்கூடக் கிடையாது. ஆண்டுக்கு 30 கிரெடிட் முடிக்க வேண்டும் வேறு. இரவில் கடையில் நிற்பவளுக்கு அது மலை.

கதவைத் திறந்துவிட்டால் நீதி முடிந்துவிடுமா?

ஏற்றத்தாழ்வுகள் கடைநிலையில் இருப்பவருக்கு நன்மை தந்தால்தான் நியாயம் என 1971-இல் வாதிட்டார் தத்துவவாதி ஜான் ரால்ஸ். அந்தத் தராசில் எக்செல்சியர் தடுமாறுகிறது. நடுத்தரக் குடும்பங்களின் சுமை குறைந்தது நல்லதுதான், பழிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கும் ஒரு கண்ணி: படித்து முடித்ததும் மாநிலத்தைவிட்டு வெளியேறினால், இலவசம் கடனாகிவிடும்.