மரைக்குப் பட்ட கடன்

மலையில் மழை பிடித்துக்கொண்டால் வில்லேந்திய வேட்டைக்காரனுக்கு முதலில் அது துணைதான். நனைந்த சருகு காலடியில் நொறுங்காது. மூட்டம் ஆளை மறைத்துவிடும். இலைகளில் கொட்டும் நீரின் இரைச்சலில் அவன் அசைவு எதுவும் கேட்காது. அம்பு வில்லை விட்டுப் போன கணத்திலிருந்து அதே மழை அவனுக்கு எதிரியாகிறது. வேட்டை சரியா தவறா என்ற பழைய வழக்கில் அந்தக் கணத்தைப் பற்றி நாம் போதிய அளவு யோசித்ததில்லை.

துவக்கின் ரவை பாய்ந்த இடத்தைச் சிதைத்து விலங்கை நிலைகுலைய வைக்கும். அம்புக்கு அந்த வலு கிடையாது. தீட்டிய முனை நுரையீரலையோ பெரிய நாளங்களையோ அறுக்க வேண்டும். இரத்தம் வடிந்துதான் விலங்கு சாகும். சரியான இடத்தில் பட்டால் சிறிது தூரம் ஓடி விழுந்துவிடும். வயிற்றில் பட்டால் சாவு வர மணிக்கணக்காகும். உடனே துரத்தினால் வெருண்டு இன்னும் தூரம் ஓடிவிடும் என்பதால், பழகிய வில்லாளர்கள் பொறுத்திருந்து, பிறகு இரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்துப் பின்தொடர்வார்கள். அந்தப் பொறுத்திருக்கும் நேரத்தில் மழை துளிகளையெல்லாம் கழுவிவிடும். காட்டின் ஏதோ ஒரு புதருக்குள் விலங்கு தனியாகக் கிடந்து சாகும். அதன் இறைச்சியும் யாருக்கும் பயன்படாது.

இதை மற்றவர்களைவிட நன்கறிந்தவர்கள் வில்லாளர்களே. அமெரிக்காவின் ராக்கி மலைகளில் செப்டம்பர் வந்தால், கூடாரத்தையும் உணவையும் முதுகில் சுமந்துகொண்டு, பாதையில்லாத உயரங்களுக்கு எல்க் மானைத் தேடி ஏறுகிறவர்கள் உண்டு. கையில் எடுக்கத் துவக்கு இருக்கும்போது ஏன் வில் என்று கேட்டால், விலங்குக்குத் தப்ப இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். 1887இல் தியடோர் ரூஸ்வெல்ட் முதலானோர் தொடங்கிய பூன் அண்ட் குரொக்கெட் கழகம் இந்த எண்ணத்தை வேட்டையின் நெறியாகவே வகுத்தது: தப்பியோட வழியில்லாத விலங்கைக் கொல்வது இழிவு. மழை நாளில் எதிரே நிற்கும் மானை எய்யாமல் திரும்புவதையும் அந்த நெறியின் பகுதியாகக் கொள்வோர் இருக்கிறார்கள். அவர்களுடைய நேர்மையைச் சந்தேகிக்கக் காரணமில்லை.

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் இந்தக் கேள்வி எழுவதற்கு இடமும் விலங்கும் இருக்கின்றன. இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் வழியாக இலுக்கும்புரவுக்குப் போகும் பாதையில், வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில், எதிரே வரும் ஆளும் தெரியாத மூட்டம் இறங்கும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் இந்தக் காடுகளில், வெள்ளைக்காரத் துரைமார் ‘எல்க்’ என்றே அழைத்த மரை வாழ்கிறது. இந்த மலைத்தொடர் 2000ஆம் ஆண்டிலிருந்து பாதுகாப்பு வனம். 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மரை பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஆகவே இங்கே வில்லோடு மலையேறும் வேட்டைப் பயணம் என்று ஒன்று நடக்க வழியில்லை. ஆனாலும் சட்டம் விலக்கியதாலேயே கேள்வி தீர்ந்துவிடாது. மரை இன்றும் இந்த மலைகளில் கொல்லப்படுகிறது, வேறு வழியில்.

இந்தத் தீவில் வில்லும் மரையும் சந்தித்த புகழ்பெற்ற நாள் ஒன்று உண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில், பொசன் பௌர்ணமி நாளில், தேவநம்பிய தீசன் மிகிந்தலை மலையில் வேட்டையாடப் போனான். மரையின் உருவில் வந்த ஒரு தேவதை அவன் கண்ணில் பட்டது என்று மகாவம்சம் சொல்கிறது. மரை அவனைக் கவனிக்காமல் நின்றது. கவனமில்லாத உயிரைக் கொல்வது தகாது என்று எண்ணிய மன்னன் வில்லின் நாணைத் தெறித்து ஒலியெழுப்பினான். மரை ஓடியது, அவன் துரத்தினான். அது கொண்டுபோய் விட்ட இடத்தில், இத்தீவுக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர் நின்றிருந்தார். மன்னன் வில்லையும் அம்பையும் கீழே வைத்தான்.

பொசன் பந்தல்களில் வருடாவருடம் வரையப்படும் இக்கதையில் தேரரைச் சந்தித்ததையே எல்லோரும் பேசுவார்கள். அறத்தை எடைபோடுகிறவருக்கு அந்த நாண் ஒலிதான் முக்கியம். அமெரிக்கக் கழகத்தின் நெறி பிறப்பதற்கு ஈராயிரம் ஆண்டுக்கும் மேல் முன்பே, எதிரே நிற்கும் விலங்குக்குத் தான் ஏதோ கடன்பட்டிருப்பதாக ஒரு வேட்டைக்காரன் உணர்ந்திருக்கிறான். கொல்லும் முன் அதற்கு எச்சரிக்கை தர வேண்டும் என்று நினைத்தது சின்ன விஷயமில்லை. ஆனால் எச்சரிக்கை பெறும் தகுதி ஓர் உயிருக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டபின், அந்தக் கடன் எச்சரிக்கையோடு எப்படித் தீரும்? ஆபத்தை உணர்ந்ததும் காலால் தரையை உதைத்து உரத்துக் குரலெழுப்பும் மரைக்குத் தன் உயிர் பெரிது என்பது அந்தக் குரலிலேயே தெரிகிறது. மன்னன் பாதி வழி வந்திருந்தான். மீதி வழியைத்தான் தேரர் காட்டினார்.

அன்று மகிந்தர் அவனுக்குச் சொன்னது யானையின் காலடித் தடம் பற்றிய உவமை அடங்கிய சூத்திரம். பெரிய தடத்தைக் கண்டவுடனே பெரிய யானை என்று முடிவுகட்டாமல், யானையைக் கண்ணால் காணும்வரை தேடிப் போகும் காட்டாள் அதில் வருகிறான். தடம் பார்க்கத் தெரிந்தவனுக்குத் தடத்தைக் கொண்டே உபதேசம்! தடியையும் ஆயுதத்தையும் விலக்கி எல்லா உயிர்க்கும் இரங்கி வாழும் துறவியின் ஒழுக்கமும் அதே சூத்திரத்தில் சொல்லப்படுகிறது. அந்தப் பாளி நூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட இடம், மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே இருக்கும் அலுவிகாரை என்பது மரபு. கொல்லாமை இந்த மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தமிழ் மரபு இதில் ஒரே குரலில் பேசவில்லை. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததை வன்பரணர் புறநானூற்றில் வியந்து பாடியிருக்கிறார். வியப்பு முழுவதும் அம்பின் வேகத்துக்கும் எய்தவன் கைக்கும் உரியது. வள்ளுவரோ புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்தார். நாம் இரண்டையும் பள்ளியில் படித்துவிட்டு, இரண்டும் மோதுவதைக் கவனிக்காமலே வளர்ந்துவிடுகிறோம்.

ஓரியின் அம்பைப் புகழும் மனம்தான் வேட்டையைக் கலையாக்குகிறது. 1850களில் நுவரெலியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் மலைநாட்டு மரையைப் பெரும்பாலும் துவக்கால் சுடவில்லை. நாய்க்கூட்டத்தை ஏவித் துரத்தி, மரை களைத்து ஓடையில் இறங்கி நாய்களை எதிர்த்து நிற்கும்போது, தானும் இறங்கி வேட்டைக் கத்தியால் குத்தினார். இதைத்தான் அவர் உயர்ந்த விளையாட்டு என்று நூலெழுதிக் கொண்டாடினார். கொம்புக்கு எதிரே கத்தியோடு நிற்பவனுக்குத் துணிவு வேண்டும் என்பது உண்மை. அந்தத் துணிவால் மரைக்கு என்ன கிடைத்தது? ஒரு நொடியில் முடிந்திருக்கக்கூடிய சாவு, மலை மலையாக ஓடி, நாய்களின் பல்லில் கிழிபட்டு, குளிர்ந்த நீரில் முடிந்தது.

வில்லின் வழக்கும் இதுவே, சற்று நாகரிகமான வடிவில். எவ்வளவு அருகில் போக வேண்டும், எத்தனை நாள் நனைய வேண்டும், எத்தனை முறை வெறுங்கையோடு திரும்ப வேண்டும் என்பதெல்லாம் வேட்டைக்காரனின் பாடு. அதை அவன் விரும்பி ஏற்கிறான். ஊர் திரும்பியதும் பெருமையாகச் சொல்கிறான். குறி தவறினால் வரும் பாடு விலங்கினுடையது. அதனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. தப்பும் வாய்ப்பை அதற்குக் கூட்டித் தரும் வில், தப்பாதபோது வேதனையோடு சாகும் வாய்ப்பையும் சேர்த்தே கூட்டுகிறது. முதல் பாதியை மட்டும் சொல்லி அதை நேர்மை என்று அழைப்பது சரியல்ல. ஒருவன் கொன்றே ஆக வேண்டுமானால், தன் திறமைக்கு எது அழகு என்பதைவிட எது விரைவாக முடிக்கும் என்பதையே அவன் கேட்க வேண்டும். கொல்ல வேண்டிய தேவையே இல்லை என்றால், திறமை அந்தச் செயலை மன்னிக்காது.

எதிர்வாதங்களில் ஒன்று கனமானது. கோழிக்கடையில் உரித்த இறைச்சியை வாங்கிச் சமைக்கிறவர், காட்டில் சுதந்திரமாக வாழ்ந்த மானைத் தன் கையால் கொன்று, தானே சுமந்து வந்து உண்கிறவரைக் குற்றம் சொல்ல என்ன உரிமை பெற்றார்? புரண்டு படுக்க இடமில்லாமல் சில வாரங்களில் வளர்ந்து சாகும் கோழியின் வாழ்வைவிட, அம்பு படும் நாள்வரை மலையில் மேய்ந்த மானின் வாழ்வு மேலானது என்பதை மறுக்க முடியாது. இந்த வாதத்துக்கு முன் இறைச்சி உண்ணும் நாம் தலைகுனியத்தான் வேண்டும். ஆனால் இது நம் சமையலறையைத் திருத்தச் சொல்லும் வாதம். அதைக் கொண்டு கொல்வதன் இன்பத்துக்கு நியாயம் தேட முடியாது.

மற்றொரு வாதம், வேட்டை எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறது, உரிமக் கட்டணம் காட்டைக் காக்கிறது என்பது. அமெரிக்காவில் இதற்கு ஆதாரம் உண்டு. இங்கே நம் கட்டளைச் சட்டம் பிறந்த அதே 1937இல், அங்கே வேட்டைத் துவக்குக்கும் ரவைக்கும் விதிக்கும் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கே ஒதுக்கும் சட்டம் வந்தது. ஓநாய்களை மனிதன் ஒழித்துவிட்ட நிலங்களில் எல்க் பெருகியதும் உண்மை. யெலோஸ்டோனுக்கு 1995இல் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. நக்கிள்ஸில் சிறுத்தை இன்னும் இருக்கிறது. மரை அதன் இரை. அந்த வேலைக்கு இங்கே மனிதன் தேவையில்லை.

இலங்கையிலும் வேட்டைக்காரர்கள் காட்டுக்கு நன்மை செய்ததுண்டு. இன்றைய வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1894இல் துரைமாரான வேட்டைக்காரர்கள் தொடங்கியதுதான். ஆனால் மரையின் வாழிடத்தைச் சுருக்கியது வேட்டையைவிடக் கோப்பிதான். மாத்தளை மலைகளில் காடு வெட்டி எரிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1869இல் தொடங்கிய இலைநோயில் அது அழிய, அடுத்துத் தேயிலை ஏறியது. அந்தக் கோப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள், மன்னாரில் கரையிறங்கி, வழியெல்லாம் நோயிலும் பசியிலும் ஆட்களைப் பறிகொடுத்து, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்க் கூலிகள். இலாபம் அவர்களுடையதாக இருக்கவில்லை.

அவர்களுடைய சந்ததியினர் வாழும் மலைத் தோட்டங்களின் ஓரத்தில்தான் இன்று சுருக்கு வைக்கப்படுகிறது. மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள் போதும். செலவு இல்லை, ஆள் காத்திருக்க வேண்டியதில்லை. மரவள்ளியைக் கிண்டும் பன்றிக்கு வைத்த சுருக்கு, மரையா சிறுத்தையா என்று பார்ப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டமொன்றில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் இறந்தது. கம்பி இறுக இறுக, விலங்கு திமிறத் திமிற, சாவு ஒரு பகலுக்கும் இரவுக்கும் நீளலாம். வேதனையை மட்டும் அளந்தால் குறி தவறிய அம்பும் சுருக்கும் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல. விலங்கு தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு இன்னும் மோசம். அது மனிதரையும் கொல்லும்.

ஆனால் குற்றத்தின் எடை வேறு. விடுமுறையில், வேண்டுமென்றே கடினமான கருவியை எடுத்து, கொல்லும் அனுபவத்துக்காகவே மலையேறுகிறவர், கொல்லாமல் திரும்பினாலும் எதையும் இழக்கமாட்டார். நாட்கூலியில் வாழ்ந்து, லயத்துக்குப் பின்னால் நட்ட கிழங்கைப் பன்றி தின்றுவிட்டால் அடுத்த வார உணவுக்கே கடன் வாங்குகிறவர், சுருக்கை விட்டுவிட்டால் இழக்கிறார். செயல் இருவருக்கும் தவறு. பழி இருவருக்கும் ஒன்றாகாது. விற்பதற்காக வரிசையாகச் சுருக்கு வைத்து இறைச்சி வியாபாரம் செய்கிறவருக்கு இந்த இரக்கம் பொருந்தாது. அவரிடம் வாங்கித் தின்று, சட்டம் வந்தால் வாய்மூடி நிற்கும் நகரத்து விருந்தினருக்கும் பொருந்தாது.

வேட்டையாட உண்மையான உரிமை கேட்கக்கூடியவர்கள் இத்தீவின் ஆதிக்குடிகளான வேடர் மட்டுமே. காடு அவர்களுக்கு வீடாகவும் வழிபாடாகவும் உணவாகவும் ஒருங்கே இருந்தது. 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டபோது அவர்களுடைய வேட்டைநிலம் ஒரே நாளில் குற்றநிலமானது. தலைவர் ஊருவரிகே திசாஹாமி தம்பானையை விட்டுப் போக மறுத்து நின்றதில் இருந்த நியாயத்தை, மரையின் பக்கம் நின்று பேசுகிறவர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வில்லைக் கீழே வைக்கச் சொல்வதாயிருந்தால் அவர்களிடம் கடைசியாகத்தான் கேட்க வேண்டும். ஆணை போட்டுச் சொல்லவும் கூடாது.

தோட்டத் தொழிலாளியிடம் கேட்கும் முறையிலும் ஒரு நேர்மை வேண்டும். சுருக்கில் சிறுத்தை மாட்டினால் அதிகாரிகளும் செய்தியாளர்களும் மலையேறி வருகிறார்கள். கிழங்கெல்லாம் போன மறுநாள் யாரும் வருவதில்லை. பன்றி நுழையாத வேலிக்குத் தோட்ட நிர்வாகமும் அரசும் பொறுப்பேற்க வேண்டும். பயிர் அழிந்தால் அலையவிடாமல் இழப்பீடு தர வேண்டும். காட்டோரங்களில் சுருக்குகளைத் தேடி அகற்றும் வேலையை முறையான சம்பளத்துக்கு அந்தத் தொழிலாளருக்கே கொடுக்கலாம். பன்றி இறங்கும் வழியும், மரை தண்ணீருக்கு வரும் நேரமும், எந்த மரத்தடியில் கம்பி கட்டியிருக்கும் என்பதும் அந்த மலையில் அவர்களைப்போல் அறிந்தவர்கள் இல்லை.