போருக்கு மானம் உண்டா? தணிகை மலை சொல்ற பதில்

 

கந்த சஷ்டி வந்தா நம்ம எல்லார் ஸ்டேட்டஸ்லயும் சூரசம்ஹாரம்தான். பார்க்கவே சிலிர்க்கும். ஆனா சில பேர் நிஜப் போர்ல குண்டு விழுற வீடியோவுக்கும் அதே முருகன் பாட்டைப் போட்டுப் பகிர்றாங்க. அங்கதான் மனசு உறுத்துது. போர் என்னைக்காவது உண்மையிலேயே மானமுள்ளதா இருந்திருக்கா?

'அறப்போர்'னு நம்ம முன்னோர் சொன்னாங்களேன்னு கேப்பீங்க. சரிதான். புறநானூறு 9-ஆம் பாட்டு, நெட்டிமையார் பாடினது. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடுறதுக்கு முன்னாடியே பசு, பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை பெறாதவங்க எல்லாரையும் பத்திரமான இடத்துக்குப் போகச் சொல்வானாம். பெருமையான விஷயம். ஆனா 15-ஆம் பாட்டையும் படிங்க. அதே புலவர், அதே அரசன். பகைவர் ஊர்த் தெருவைக் கழுதை பூட்டி உழுதான், விளைஞ்ச வயல்ல தேரை ஓட்டினான்னு அதுல வருது. அந்த வயல் யாரோடது? 'ஓடிப் போங்க'ன்னு சொல்லி அனுப்பின அதே ஜனங்களோடதுதானே! உயிர் பிழைச்சுத் திரும்பி வந்தா சாப்பிட என்ன இருக்கும்?

நம்ம பக்கத்துக்கே வருவோம். அரக்கோணம் பக்கத்துல தக்கோலம். 949-ல அங்கே முதலாம் பராந்தக சோழன் மகன் இராஜாதித்தன், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் படையோட மோதி, யானை மேலயே உயிரை விட்டார். 'யானைமேல் துஞ்சிய தேவர்'னு அவரைச் சொல்றோம். செத்ததைத் தூங்கினதா சொல்லி மரியாதை பண்றோம். ஆனா அவரைச் சுத்தி விழுந்த காலாட்கள்ல பெரும்பாலானவங்க பேர்கூட நமக்குத் தெரியாது. அவரைக் கொன்ன கங்க மன்னன் பூதுகனைப் பத்திச் சொல்ற ஆதகூர் நடுகல், காட்டுப்பன்றியோட சண்டை போட்டுச் செத்த 'காளி'ங்கிற வேட்டை நாயையும் பேர் சொல்லிப் போற்றுது. நாய்க்குக் கிடைச்ச பேர் எத்தனையோ தாய் பெத்த பிள்ளைகளுக்குக் கிடைக்கலையே.

இதே கதையில இன்னொருத்தர் இருக்கார். இராஜாதித்தனோட படைத்தலைவர், கேரளத்துக்காரர் வெள்ளங்குமரன். தலைவனோட சேர்ந்து சாக முடியலையேன்னு நொந்துபோய், கங்கையில நீராடித் துறவியாகிட்டார். பிறகு சதுரானன பண்டிதர்ங்கிற பேர்ல திருவொற்றியூர் மடத்துக்குத் தலைவரானார். அங்கே உள்ள கல்வெட்டு சொல்றது பழி வாங்கின கதை இல்ல, வாளை வச்சுட்டு சிவத்தொண்டுக்குப் போன கதை.

அப்போ முருகனே போர் செஞ்சாரேன்னு கேக்கலாம். செஞ்சார். ஆனா எப்படின்னு பாருங்க. முதல்ல வீரவாகு தேவரைத் தூது அனுப்பி, தேவர்களைச் சிறையில இருந்து விடச் சொன்னார். சூரன் கேக்கலை. கடைசியில மாமரமா நின்ன சூரனை வேல் பிளந்தப்போகூட அவனை அழிச்சுப் போடலை. மயிலா, சேவலா தன்கூடவே வச்சுக்கிட்டார். எதிரிக்குத் தன் கொடியில இடம் கொடுத்த சாமி நம்ம சாமி!

அதுக்கப்புறம் எங்கே வந்தார்? நம்ம தணிகைக்கு. சினம் தணிஞ்ச இடம்ங்கிறதாலதான் இதுக்குத் தணிகைன்னே பேர். அதனாலதான் மத்த முருகன் கோயில்கள்ல சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்கே அது நடக்கிறதில்ல. சண்முகருக்குப் புஷ்பாஞ்சலிதான். நியாயமான போர் முடிஞ்சு வந்த கடவுளுக்கே கோபம் தணிய ஒரு மலை தேவைப்பட்டிருக்குன்னா, மனுஷன் செய்யற போரை எந்த வாயால கொண்டாடுறது?

தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம வீட்டுப் பிள்ளைங்க பட்டாளத்துல நிக்கிறாங்க. அடுத்தவனைக் காப்பாத்தத் தன் உயிரைக் கொடுக்கிறவனுக்கு மானம் உண்டு, கையெடுத்துக் கும்பிடணும். ஆனா அந்த மானம் அவனோடது, போரோடது இல்ல. போர் அவனைக் கொண்டுபோகுது, அவ்வளவுதான். மானம்ங்கிறது போருக்கு முன்னாடி தூது அனுப்புறதுல இருக்கு. ஜெயிச்ச பிறகு கை ஓங்காம நிக்கிறதுல இருக்கு.

தணிகை மலைக்கு 365 படி, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. அடுத்த தடவை ஏறும்போது, நீங்க பேசாம இருக்கிற ஒரு ஆளை நினைச்சுக்கிட்டு ஏறுங்க. மேல போய்ச் சேர்றதுக்குள்ள கோபம் கொஞ்சமாவது தணியட்டும். இறங்கி வந்ததும் நீங்களே முதல்ல போன் பண்ணுங்க. அதுதான் தணிகாசலனுக்கு நாம போடுற பூ.

தணிகைவேலனுக்கு அரோகரா!