நாற்காலியின் விலை

அமெரிக்க செனட்டில் முக்கியமான மசோதாக்கள் வாக்கெடுப்புக்கு வரும்போது எழுத்தர் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார். பெயருக்குரியவர் ஆம் என்பார், அல்லது இல்லை என்பார். ஏன் அப்படிச் சொன்னார், சொல்லும்போது தொண்டை அடைத்ததா, முந்தின இரவு நண்பர்களிடம் வேறு மாதிரிப் பேசினாரா என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறாது. அவையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் வாக்குகளைப் பெயரோடு பதிந்தே ஆக வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சாசனம் விதித்திருக்கிறது. குரல் வாக்கெடுப்பில் கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ளலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டபின் ஒளிய இடமில்லை.

இந்தியாவில் 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருப்பதால் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். ஆகவே இங்கே ஓர் உறுப்பினரின் வாக்கைப் பெரும்பாலும் கட்சியின் கணக்கில் எழுதிவிட முடியும். அமெரிக்க செனட்டருக்கு அந்தச் சாக்கு கிடையாது. அவர் போடும் வாக்கு அவருடைய சொந்தக் கணக்கு.

அப்படிச் சொந்தக் கணக்கு வைத்திருந்தவர்களில் ஆர்கன்சா மாநிலத்தின் ஜேம்ஸ் வில்லியம் ஃபுல்பிரைட்டைப் போலப் படிப்பவரைக் குழப்புகிறவர் குறைவு. 1945 முதல் 1974 வரை செனட்டில் இருந்தவர். ஆக்ஸ்போர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்தவர், ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். 1946-ல் அவர் கொண்டுவந்த சட்டத்தால் உருவான கல்வி உதவித்தொகை இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் ஆய்வாளர்கள் அதில் அமெரிக்கா போகிறார்கள். செனட்டின் வெளியுறவுக் குழுவுக்கு 15 ஆண்டுகளுக்கு மேல் தலைமை வகித்தார். 1966-ல் வியட்நாம் போர் பற்றி அந்தக் குழு நடத்திய விசாரணை தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. சொந்தக் கட்சியின் அதிபர் நடத்திய போரை, அதே கட்சியின் மூத்த செனட்டர் நாட்டு மக்கள் பார்க்கக் கேள்வி கேட்டார்.

இதே மனிதர்தான் 1957, 1960, 1964, 1965 என்று சிவில் உரிமைச் சட்டங்கள் வந்தபோதெல்லாம் இல்லை என்றார்.

கறுப்பினத்தவர்மீது வெறுப்பை உமிழ்ந்து வாக்குச் சேகரித்த தெற்கத்திய அரசியல்வாதிகளின் வரிசையில் ஃபுல்பிரைட்டை நிறுத்த முடியாது. அவர் பேச்சில் அந்த விஷம் இல்லை. தன் மாநிலத்து வெள்ளை வாக்காளர்கள் வேறு விதமான வாக்கைப் பொறுக்க மாட்டார்கள், பதவி போய்விடும் என்பதே அவரும் அவர் சார்பில் பேசியவர்களும் சொன்ன விளக்கம். ஆக, கேள்வி இதுதான்: ஒரு பெரிய நன்மையைச் செய்யப் பதவியில் இருந்தாக வேண்டும், பதவியில் இருக்க, தப்பென்று தெரிந்த சில வாக்குகளைப் போட்டாக வேண்டும். போடலாமா?

எடுத்த எடுப்பில் கூடாது என்று சொல்லிவிடுவது எளிது. அது நேர்மையான பதிலாகாது. ஃபுல்பிரைட்டின் பயம் கற்பனையானதல்ல. 1957-ல் ஆர்கன்சாவின் தலைநகரான லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் சேர வந்தபோது, ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் தேசியக் காவல் படையை வைத்து வாசலை மறித்தார். அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பித்தான் அந்தப் பிள்ளைகளை உள்ளே சேர்க்க முடிந்தது. அந்தத் தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் புரூக்ஸ் ஹேய்ஸ் ஆளுநருக்கும் அதிபருக்கும் இடையில் சமாதானம் பேசப் பார்த்தார். செய்தது அவ்வளவுதான். 1958 நவம்பர் தேர்தலுக்கு ஏறக்குறைய ஒரு வாரமே இருக்கும்போது நிறப் பிரிவினையை ஆதரித்த ஒருவர் களத்தில் குதித்தார். வாக்குச் சீட்டில் அவர் பெயரே அச்சாகியிருக்கவில்லை. வாக்காளர்கள் பெயரைத் தனியாகச் சேர்த்து அவரை ஜெயிக்க வைத்தார்கள். தூது போனவருக்கே இந்தக் கதி என்றால் எதிர்த்து வாக்களித்தவர் என்ன ஆகியிருப்பார்?

ஃபுல்பிரைட் தோற்றுப் போயிருந்தால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1962-ல் தன்னை எதிர்த்து ஃபாபஸே நிற்பார் என்ற கலக்கம் ஃபுல்பிரைட்டுக்கு இருந்தது. வெளியுறவுக் குழுவின் தலைமை மூப்பு வரிசைப்படி அலபாமாவின் ஜான் ஸ்பார்க்மனுக்குப் போயிருக்கும். அவர் 1966-ல் அப்படியொரு விசாரணையை நடத்தியிருப்பாரா என்பது சந்தேகம். சிவில் உரிமை வாக்குகளில் ஃபுல்பிரைட் வளைந்து கொடுத்ததால்தான் வியட்நாமில் நிமிர முடிந்தது என்ற வாதத்துக்குக் கனம் உண்டு.

அவருக்குத் தனியாக நிற்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1954-ல் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி கம்யூனிஸ்ட் வேட்டையில் திளைத்திருந்த நேரம். அவருடைய விசாரணைத் துணைக்குழுவுக்கு நிதி ஒதுக்கும் தீர்மானத்துக்கு 85 பேர் ஆம் என்றார்கள். இல்லை என்றது ஒரே ஒரு குரல், ஃபுல்பிரைட்டுடையது. 1961-ல் கியூபாவின் பிக்ஸ் வளைகுடாப் படையெடுப்பு வேண்டாம் என்று அதிபர் கென்னடியிடம் முன்கூட்டியே எச்சரித்தவரும் அவர்தான். துணிச்சல் இருந்தது. அதை எங்கே செலவழிப்பது என்பதில் அவருக்கு ஒரு கணக்கும் இருந்தது.

அந்தக் கணக்கை அவரே 1946-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் விரித்து வைத்தார். ஒரு மக்கள் பிரதிநிதி தன் வாக்காளர்களின் தப்பெண்ணங்களோடு எப்போது மோதலாம், எப்போது விட்டுக்கொடுக்கலாம் என்பது பேச்சின் பொருள். நாட்டின் நலனுக்கு அடிப்படையில்லாத விஷயமென்றால், தனக்கு உடன்பாடில்லாவிட்டாலும் வாக்காளர் போக்கில் போய்விடலாம். அடிப்படையானதென்றால் எதிர்த்து நின்றே ஆக வேண்டும் என்றார். எதிர்த்து நிற்க வேண்டியதற்கு அவர் காட்டிய உதாரணம் ஐக்கிய நாடுகள் சபை. விட்டுக்கொடுக்கலாம் என்பதற்குக் காட்டியது வாக்கு வரி.

இந்த வாக்கு வரி என்ன என்று தெரிந்தால் அந்த உரையின் நிறமே மாறிவிடும். வாக்களிக்க வேண்டுமானால் முதலில் ஒரு வரியைக் கட்டி ரசீது வைத்திருக்க வேண்டும். ஆர்கன்சாவில் அது ஆண்டுக்கு ஒரு டாலர். பருத்திக் காட்டில் குத்தகைக்கு உழைத்துக் கடனிலேயே காலம் தள்ளிய குடும்பத்துக்கு அது சின்னத் தொகையல்ல. ஏழை வெள்ளையரும் இதில் அடிபட்டார்கள். ஆனால் கறுப்பினத்தவரை வாக்குச் சாவடியிலிருந்து தள்ளி வைக்கத் தெற்கு மாநிலங்கள் கையாண்ட கருவிகளில் இது ஒன்று என்பதை அன்று அறியாதவர் இல்லை. அன்றைய ஆர்கன்சா மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். ‘என் மாநில மக்களின் விருப்பப்படி நடப்பேன்’ என்று ஒரு செனட்டர் சொல்லும்போது அந்த மக்களில் இவர்கள் அடக்கமா? யார் வாக்காளர் என்பதையே ஒரு வரி தீர்மானிக்கிறது. அப்படி வடிகட்டிய வாக்காளர்களின் விருப்பத்தைக் காட்டி அந்த வரி நீடிக்கலாம் என்கிறார் அவர்களின் பிரதிநிதி. கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே இருப்பவர்கள் யாரும் கதவைத் திறக்கச் சொல்லவில்லையே என்பதைப் போன்ற வாதம் இது.

ஆகவே ஃபுல்பிரைட் பேரம் பேசினார் என்பதைவிட, பேரத்தில் எதைச் சில்லறை என்று மதிப்பிட்டார் என்பதே பெரிய குற்றச்சாட்டு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உலக அமைதி அடிப்படை விஷயம், ஓர் அமெரிக்கக் குடிமகன் வாக்களிக்க முடிவதும் முடியாததும் அடிப்படையல்ல என்று தராசு பிடித்தவர் தட்டில் இல்லை. தட்டில் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. அரசியலில் விட்டுக்கொடுத்தல் தவிர்க்க முடியாதது. தன்னுடையதை விட்டுக்கொடுப்பது ஒன்று, பிறருடையதைத் தன் பெயரில் விட்டுக்கொடுப்பது வேறு. ஃபுல்பிரைட் தன் நாற்காலியைக் காப்பாற்றக் கொடுத்த விலை அவருடைய சட்டைப்பையிலிருந்து போகவில்லை.

பள்ளிகளில் நிறப் பிரிவினையைச் செல்லாதென்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துத் தெற்கத்திய உறுப்பினர்கள் 1956-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 19 செனட்டர்கள் கையெழுத்திட்டார்கள்; ஃபுல்பிரைட்டும் ஒருவர். முதல் வரைவு இன்னும் கடுமையாக இருந்தது, அவர்தான் சிலரோடு சேர்ந்து அதன் வாசகத்தை மட்டுப்படுத்தினார் என்பது அவர் தரப்பின் வாதம். உண்மைதான். ஆனால் முரட்டு வாசகத்தில் கையெழுத்திடக் கூசியவர்களும் நாகரிகமான வாசகத்தில் கூசாமல் கையெழுத்திடுவார்கள். இடிக்க வேண்டிய சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுப்பதும் ஒரு சேவைதான், சுவரைக் கட்டியவர்களுக்கு. லிட்டில் ராக் பள்ளி விவகாரம் 1958-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, கறுப்பின, வெள்ளை மாணவர்களை ஒன்றாகச் சேர்ப்பதைத் தள்ளிப் போடலாம் என்று கேட்டு ஃபுல்பிரைட் தாமாகவே ஒரு மனுவும் போட்டார். அவர் அதைச் செய்தாக வேண்டிய அவசியமே இல்லை. நீதிமன்றம் ஒருமனதாகத் தாமதத்தை மறுத்தது.

வேறு வழியே இல்லையா? அதே அறிக்கையில் டென்னசியின் ஆல்பர்ட் கோர், எஸ்டஸ் கெஃபாவர் இருவரும் கையெழுத்திட மறுத்தார்கள். கோர் 1958-லும் கெஃபாவர் 1960-லும் மறுபடி ஜெயித்தார்கள். டெக்சஸின் ரால்ஃப் யார்பரோ 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு ஆம் என்றார். உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன மாநிலங்களின் 22 செனட்டர்களில் அவர் ஒருவர்தான். அதே ஆண்டு நவம்பரில் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷைத் தோற்கடித்து மீண்டும் வந்தார். டென்னசியும் டெக்சஸும் ஆர்கன்சா அல்ல என்று பதில் சொல்லலாம். கோரும்கூட 1964-ல் இல்லை என்றே வாக்களித்துப் பிற்பாடு அதற்காக வருந்தினார். யாருடைய ஏடும் முழுக்கச் சுத்தமில்லை. ஆனாலும் தோற்றுவிடுவோம் என்ற பயத்தை ஒரு தடவையாவது சோதித்துப் பார்த்தவர்களுக்கும் சோதிக்காமலே நம்பியவருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

1964 சட்டம் 73-க்கு 27 என்று நிறைவேறிவிட்டது, ஃபுல்பிரைட்டின் வாக்கால் யாருக்கும் ஒன்றும் குறையவில்லை என்பதும் ஒரு சமாதானம். வாக்கால் விளைவு மாறவில்லை என்றால் மிஞ்சுவது அதன் அர்த்தம் மட்டும்தான்: இந்த விஷயத்தில் யார் எங்கே நின்றார் என்ற சாட்சி. அதில் அவர் நின்ற இடம் தெளிவாகவே இருக்கிறது.

அந்த வாக்கெடுப்பு நடந்து ஏழு வாரத்தில் அவர் போட்ட இன்னொரு வாக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1964 ஆகஸ்ட் 7 அன்று டோங்கின் வளைகுடாத் தீர்மானம் செனட்டில் 88-க்கு 2 என்று நிறைவேறியது. வியட்நாமில் அதிபர் ஜான்சன் விரும்பியபடி போர் நடத்த வழிவிட்ட அந்தத் தீர்மானத்தை அவையில் முன்னின்று நிறைவேற்றித் தந்தவர் ஃபுல்பிரைட். தீர்மானத்தின் எல்லையைக் குறுக்கும் திருத்தம் ஒன்றை விஸ்கான்சினின் கேலார்ட் நெல்சன் கொண்டுவந்தபோது அது தேவையில்லை என்று தடுத்தவரும் அவரே. ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது நடக்கவே இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. எதிர்த்த இருவர் ஆரிகனின் வெய்ன் மோர்ஸும் அலாஸ்காவின் எர்னஸ்ட் குரூனிங்கும். 1968-ல் இருவருமே பதவியிழந்தார்கள்.

அந்தப் போரில் 58,000-க்கு மேற்பட்ட அமெரிக்கரும் பல லட்சம் வியட்நாமியரும் செத்தார்கள். பலியைக் கொண்டு எடை போட்டால் ஃபுல்பிரைட்டின் மிக மோசமான வாக்கு இதுதான். என்றாலும் இதற்காக அவரை மன்னிக்க முடிகிறது. அவர் ஏமாற்றப்பட்டார், நம்பக் கூடாதவரை நம்பினார். தெரிந்தபின் தன் தவறென்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, அடுத்த பத்தாண்டுகளை அதைத் திருத்துவதிலேயே செலவிட்டார். ஜான்சனின் நட்பு போயிற்று. சிவில் உரிமை வாக்குகளில் அவரை யாரும் ஏமாற்றவில்லை. எதற்கு இல்லை என்கிறோம் என்பது அவருக்கு முழுக்கத் தெரியும். தெரியாமல் செய்த பெரிய தீங்குக்கு வருந்துவது, தெரிந்தே செய்த சிறிய தீங்குக்கு வருந்துவதைவிட எளிது போலும். முதலாவதில் தப்பு தகவலில் இருக்கிறது, இரண்டாவதில் ஆளில்.

கணக்காளருக்கே கணக்கு பிசகியதும் உண்டு. 1960-ல் அதிபராகத் தேர்வான கென்னடி வெளியுறவு அமைச்சர் பதவிக்கு யோசித்த பெயர்களில் ஃபுல்பிரைட்டுடையது முன்னணியில் இருந்தது. அவர் வாழ்நாள் முழுக்க அதற்காகவே தயாரானவர் என்று சொல்லலாம். சிவில் உரிமை விஷயத்தில் அவர் போட்ட கையெழுத்தும் வாக்குகளும் குறுக்கே நின்றன. பதவி டீன் ரஸ்க்குக்குப் போயிற்று. 1966 விசாரணையில் குழுவின் முன்னால் உட்கார்ந்து போரை நியாயப்படுத்தியவர் அதே ரஸ்க்.

1974-ல் கட்சியின் வேட்பாளர் தேர்தலில் ஃபுல்பிரைட் தோற்றார். எதிராளிக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்தது. ஜெயித்தவர் மாநில ஆளுநர் டேல் பம்பர்ஸ். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆளுநர் பதவிக்கான கட்சித் தேர்தலில் ஃபாபஸைத் தோற்கடித்தவரும் இவர்தான். 1954-ல் சார்ல்ஸ்டன் என்ற சின்ன ஊரில் பம்பர்ஸ் வக்கீலாக இருந்தார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும், தாமதிக்காமல் அதன்படி நடந்துவிடுங்கள் என்று உள்ளூர்ப் பள்ளி வாரியத்துக்கு ஆலோசனை சொன்னார். வாரியமும் கேட்டது. அந்த ஆகஸ்டில் சார்ல்ஸ்டன் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பிரிந்துபோன தெற்கு மாநிலங்களில் அப்படிச் செய்த முதல் பள்ளி மாவட்டம் அதுதான். அந்த ஊரும் ஆர்கன்சாவில்தான் இருக்கிறது.