மணல் தந்த பெயர்

விளாத்திகுளத்திலிருந்து கிழக்கே போகப் போகக் கரிசல் மெல்ல வெளுத்து மணலாகிவிடுகிறது. கடலை நெருங்கும்போது பனைகள் கூடி நிற்கின்றன. அதுதான் வேம்பார். முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களில் ஒன்று. முத்துக்குளிப்பு ஓய்ந்த பிறகும் கடைத்தெருக்களில் இந்தப் பெயர் வாழ்வது கருப்பட்டியால்தான்.

அந்த மணலில் தண்ணீர் தங்காது, உப்புக்காற்றும் ஓயாது. நெல்லை நினைத்தும் பார்க்க முடியாத அந்த இடத்தில், பாளை விடுவதற்கே பத்துப் பதினைந்து ஆண்டுகள் பொறுத்திருந்து, பிறகு நூறாண்டும் நிற்கிறது பனை. நாம் வறண்டது என்று ஒதுக்கிய நிலம் தன் இனிமையை அதனிடம் ஒப்படைத்திருக்கிறது.

ஆனால் இனிமை மண்ணுடையது மட்டும்தானா? பாளையின் சாறு சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதநீர். தடவாமல் விட்டால் அதே சாறு புளித்துக் கள். மரம் ஒன்று, மண் ஒன்று. பாளை சீவும் கையின் கவனமும், விடிலி என்னும் அடுப்புக் குடிசையில் பதநீரைப் பதம் தப்பாமல் கருப்பட்டியாகக் காய்ச்சும் பெண்களின் பொறுமையுமே அதை இன்னதென்று ஆக்குகின்றன. நிலம் தருவது ஒரு வாய்ப்பை. அதற்குக் குணத்தைத் தருவது மனிதனின் விழிப்பு.

ஜெர்மனியின் மொசெல் ஆற்றங்கரையிலும் இதே உறவைக் காணலாம். அங்கே இருப்பவை, பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் திராட்சைக் கொடிக்குக் கொடுக்கும் சிலேட்டுப் பாறைச் சரிவுகள். வேலெனர் சோனெனூர் என்ற புகழ்பெற்ற திராட்சைச் சரிவுக்கு அந்தப் பெயர் வந்தது, 1842இல் அங்கே ஒருவர் எழுப்பிய சூரியக் கடிகாரத்தால். கைச்சுவடு பதிந்த இத்தகைய நிலப்பெயர்கள் அந்த நாட்டில் சுமார் முப்பதாயிரம் இருந்தன. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை ஏறத்தாழ 2,600 ஆகச் சுருக்கியது. பேர்பெற்ற சில நிலங்களின் பெயர்கள் அக்கம்பக்கத்து நிலங்கள் மீதும் விரிந்தன. அந்த நாட்டின் நல்ல திராட்சை விவசாயிகள் இன்றும் அதை இழப்பாகவே கருதுகிறார்கள். அவர்கள் கருதுவது சரி.

ஏனென்றால், ஓர் ஊரின் பெயரை ஒரு பண்டத்தின் மீது வைக்கும்போது, அந்த மண்ணையும், அதில் நிற்கும் மரங்களில் தலைமுறைகளாக ஏறி இறங்கியவர்களின் உழைப்பையும், அந்த உழைப்பை நம்பி வாங்கும் முகம் தெரியாத ஒருவரின் நம்பிக்கையையும் ஒரே சொல்லில் கட்டி நாம் வாக்குக் கொடுக்கிறோம்; கருப்பட்டியில் சீனி கலப்பவர், நாவை மட்டுமல்ல, அந்த வாக்கையும் ஏமாற்றுகிறார். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நல்லதே. தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் வேண்டும். இவை மரத்தையும் பெயரையும் காக்கக்கூடும். ஏறுவதற்கு ஆள் இல்லாமல் போனால் காப்பதற்கு எதுவும் மிஞ்சாது. ஏறுகிறவருக்கோ அந்தத் தொழிலில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அளவு வருமானம் வேண்டும்.

ஆகவே அடுத்த முறை கருப்பட்டி வாங்கும்போது, விலை மலிவு என்று மகிழும் முன், எந்த ஊர்ச் சரக்கு, யார் காய்ச்சியது என்று கேளுங்கள். சீனி கலக்காததற்கு அதற்குரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.