தொழுநோயும் வினைப்பயனும்: எலும்புகள் தரும் சான்று

தொழுநோய் முற்பிறவிப் பாவத்தின் பலன் என்பது இந்தியாவில் நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. இடைக்கால ஐரோப்பாவிலும் பலர் அதைக் கடவுளின் தண்டனையாகக் கருதினார்கள். இம்மையிலேயே துன்பத்தைத் தீர்த்துக்கொள்ளும் நோயாளி இறைவனுக்கு நெருக்கமானவர் என்ற எண்ணமும் அங்கே உடன் இருந்தது. இந்த நம்பிக்கைகள் நடைமுறையில் எப்படி இருந்தன என்பதைப் பழைய புதைகுழிகள் ஓரளவு காட்டுகின்றன.

தொழுநோய்க் கிருமியை 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். கிருமி நரம்புகளைத் தாக்குவதால் கைகால்கள் மரத்துப்போகின்றன. வலி தெரியாத காயங்கள் புரையோடி, விரல் எலும்புகள் தேய்ந்து கூராகின்றன. மூக்குத் துளையின் அடியில் துருத்தி நிற்கும் சிறு எலும்புமுனை கரைந்துவிடுகிறது. மேல் முன்பற்களைத் தாங்கும் எலும்பும் அரிபடுகிறது. இந்த அடையாளங்களைக் கொண்டே ஆய்வாளர்கள் நோயை இனங்காண்கிறார்கள்.

ராஜஸ்தானில் உதய்பூருக்கு அருகே உள்ள பாலாத்தலில் கிடைத்த நடுவயது ஆணின் எலும்புக்கூடு சுமார் 4,000 ஆண்டுப் பழமையானது. முகத்தில் இந்த அரிப்புகள் இருப்பதை 2009இல் வெளியான ஆய்வு விவரித்தது. எரித்த சாணச் சாம்பல் நிறைந்த கல்லடைப்புக்குள் அவரை அடக்கம் செய்திருந்தார்கள். அந்தச் சாம்பல் புனிதத்துக்காகவா, தீட்டுக் கழிக்கவா என்பதை எலும்பு சொல்லாது.

இங்கிலாந்தின் வின்செஸ்டரில், தொழுநோய் இல்லத்தின் இடுகாட்டில் ஓர் இளைஞரின் எலும்புக்கூடு கிடைத்தது. இடுப்பருகே ஒரு சிப்பி ஓடு இருந்தது. ஸ்பெயினின் சாந்தியாகோ திருத்தலத்துக்குச் சென்றுவந்த யாத்திரிகர்களின் சின்னம் அது. நோயாளியாக இறந்தவரை யாத்திரிகர் என்ற மரியாதையோடு அடக்கம் செய்திருக்கிறார்கள்.

எலும்புச் சான்றைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நோய் கண்டு விரைவில் இறந்தவரின் எலும்பில் தடயம் இருக்காது. அதனால் பழுதற்ற எலும்பு நல்ல உடல்நலத்துக்குச் சான்றாகாது என்பதை 1992இல் ஜேம்ஸ் வுட்டும் உடன் ஆய்வாளர்களும் சுட்டிக்காட்டினார்கள். தொழுநோய் எலும்பைத் தொடுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே தடயம் உள்ள எலும்பு, நோயோடு நெடுநாள் வாழ்ந்தவரின் எலும்பு.

வினைக் கோட்பாட்டை இந்தச் சான்றுகள் பொய்ப்பிக்கவில்லை. கிருமியே வினையின் கருவி என்று நம்பிக்கையாளர் வாதிடலாம். அதை மறுக்க எந்த எலும்பாலும் முடியாது. ஆனால் நோயாளியை ஒதுக்குவது நோயின் இயல்பில் இல்லை என்பதற்கு வின்செஸ்டர் புதைகுழி சான்று. காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மனிதர்களே அதை முடிவுசெய்தார்கள். அதற்கான பொறுப்பை ஊழின் மேல் சுமத்துவது சரியாகாது. கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களிலேயே இந்த நோயைக் குணப்படுத்தத் தொடங்கிவிட்டது. இருந்தும் இந்தியச் சட்டத்தில் தொழுநோய் மணமுறிவுக்கு ஒரு காரணமாக 2019 வரை நீடித்தது.